அல்சூர் ஏரிக்கரையில் பத்தொன்பது நிமிடம்

கடலூரில் என் வீட்டு வாசலிலிருந்து நானூற்றுப் பன்னிரண்டு அடி எடுத்து வைத்தால் கடல். கடலுக்கு மேலே மாதம் தவறாமல் நிலா. டிக்கெட் கிடையாது, முன்னால் நின்று மறைப்பவரும் கிடையாது. அப்படியிருக்க, நிலாவைப் பார்க்கப் பெங்களூருக்குப் போகிறேன் என்று எழுபத்து நான்கு வயது ஆள் சொன்னால் பெற்ற பிள்ளை என்ன நினைப்பான்? என் மகன் பிரபு என் மாத்திரை டப்பாவைத் திறந்து, ஏதாவது மாற்றிச் சாப்பிட்டுவிட்டேனா என்று எண்ணிப் பார்த்தான்.

நான் துறைமுக அலுவலகத்தில் முப்பத்தோரு வருடம் கடல்மட்டம் குறித்தவன். தினமும் நான்கு முறை அளவுகோலைப் பார்த்து, ஏற்றம் எவ்வளவு, வற்றம் எவ்வளவு என்று பதிவேட்டில் எழுத வேண்டும். கடலை ஏற்றுவதும் இறக்குவதும் நிலா. ஆகவே நிலா எனக்கு மேலதிகாரி. தினமும் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தாமதமாக வரும் மேலதிகாரி. மற்ற அதிகாரிகளின் தாமதத்தைக் கணிக்க முடியாது, இவருடையதைக் கணிக்கலாம்.

ஓய்வுபெற்றபின் கதை எழுத ஆரம்பித்தேன். எழுதியது பதினான்கு. பத்திரிகைகளுக்கு அனுப்பியது பதினான்கு. திரும்பிவந்தவை இரண்டு, அதுவும் தபால்தலை போதாது என்று. படித்தவர், கேட்டவர் எண்ணிக்கை பூஜ்யம். வீட்டில் வாசித்துக் காட்டினால் என்ன என்று கேட்பீர்கள். மருமகளுக்கு ஒருமுறை வாசித்தேன். அரைப் பக்கத்தில் குக்கர் மூன்றாவது விசில் அடித்தது, எழுந்துபோனாள். அரைப் பக்கத்தை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

பதினைந்தாவது கதைதான் 'நிலாக் கிளை'. நிலாவில் ஒரு துறைமுக அலுவலகம் திறக்கிறார்கள். அங்கே கடல் இல்லை. ஆனால் பணியிடம் அனுமதியாகிவிட்டதால் ஆள் அனுப்பியாக வேண்டும். போன குமாஸ்தா தினமும் நான்கு முறை அளவுகோலைப் பார்த்து, பூஜ்யம் என்று எழுதுகிறான். கதை இவ்வளவுதான், முடிவைப் பிறகு சொல்கிறேன். வாசிக்கப் பத்தொன்பது நிமிடம் ஆகும். குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு மூன்று முறை நேரம் பார்த்தாயிற்று.

அந்தச் சமயத்தில் ஒரு சிற்றிதழின் கடைசிப் பக்கத்தில் நான்கு வரி அறிவிப்பு வந்தது. பெங்களூர் காக்ஸ் டவுனில் ஒரு வீட்டு மொட்டைமாடியில் பௌர்ணமிதோறும் கூடுகிறார்கள். நிலாவையும் விண்வெளியையும் பற்றி எழுதியதை யார் வேண்டுமானாலும் வந்து வாசிக்கலாம். நிலா கண்ணுக்குத் தெரிந்தால் மட்டுமே வாசிப்பு. கார்டு போட்டேன். எட்டாம் நாள் ரோஸலின் டீச்சர் என்பவர் போனில் கூப்பிட்டு, ஐப்பசிப் பௌர்ணமிக்கு வரச் சொன்னார்.

பிரபுவோடு மூன்று நாள் பேச்சுவார்த்தை நடந்தது. என் மார்பில் இரண்டு ஸ்டென்ட் இருக்கிறது, போன வருடத்துச் சேமிப்பு. கடைசியில், "ஒரே ஒரு தடவைதான்பா, மூணு நாள், அதுக்கு மேல கேக்கக் கூடாது" என்றான். ஆகவே இந்தப் பௌர்ணமியில் வாசிக்காவிட்டால் என் கதை யார் காதிலும் விழாமலே போகும். இதைத் தெரிந்துகொண்டுதான் பேருந்தில் ஏறினேன்.

முதல் நாள் பாதி பேருந்திலேயே போயிற்று. ஓசூர் தாண்டியதும் வண்டிகள் ஒன்றையொன்று முகர்ந்துகொண்டு நின்றன. ஒரு பாலத்துக்கும் அடுத்த பாலத்துக்கும் நடுவே ஒரு மணி ஆறு நிமிடம். முன் இருக்கை இளைஞர் போனில் கன்னடத்தில் யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குப் புரிந்தவரை, ஆபீசுக்குள் நுழைந்துவிட்டேன், லிஃப்டில் இருக்கிறேன், சிக்னல் போய்விடும் என்றார். எங்கள் பேருந்து அப்போது ஒரு தேங்காய்க்கடை நீளம்கூட நகர்ந்திருக்கவில்லை. கற்பனைக்கு நிலாவரை போக வேண்டியதில்லை போலிருக்கிறது.

தங்கியது தொம்மலூரில், என் சகலை சுந்தரம் வீட்டில். என் மனைவியின் தங்கை கணவர். சுற்றிலும் கண்ணாடி ஆபீசுகள். நடுவில் ஒரு கோயில், ஒரு மாவு மில், கார் போனால் ஆள் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய சந்து. சந்தில் பேசுவது எல்லாம் தமிழ், திட்டுவது மட்டும் கன்னடம். அன்று மாலைக்குள் அந்தத் தெருவில் நான்கு பேர், நிலாவுக்குப் போன ராக்கெட்டில் தங்கள் சொந்தக்காரர்களுக்குப் பங்கு உண்டு என்றார்கள். ஒருவருடைய மைத்துனர் திருகாணி கொடுத்தாராம். எத்தனை திருகாணி என்று கேட்டேன். விசாரித்துச் சொல்வதாகச் சொன்னார். இன்னும் சொல்லவில்லை.

சுந்தரத்துக்கு இலக்கியம் ஒத்துக்கொள்ளாது. "அண்ணே, நெலாவுக்கு ஆளே போய்ட்டு வந்தாச்சு. நீங்க இன்னும் அதப் பாத்து கத எழுதினு இருக்கீங்க" என்றார். ஆள் போய்வந்த ஊரைப் பற்றி எழுதக் கூடாது என்றால் கடலூரைப் பற்றி ஒருவரும் எழுத முடியாதே என்றேன். அதற்கு அவர் காபி சாப்பிடலாம் வாருங்கள் என்றார்.

காபி என்றதும் பாதிக் காபி வந்தது. இந்த ஊரில் இரண்டு பேர் போனால் ஒரு காபியை வாங்கி இரண்டு தம்ளரில் ஊற்றிக்கொள்கிறார்கள். 'பை டூ' என்று பெயர். யாரும் வெட்கப்படுவதில்லை. கார் வைத்திருப்பவர்களும் பை டூதான். எண்ணிக் குடித்தேன், ஆறு வாய். கடலூரில் சகலைக்குப் பாதிக் காபி வாங்கிக் கொடுத்தால் அடுத்த கல்யாணத்தில் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். அடுத்து வந்த சாம்பாரில் வெல்லம் இருந்தது. யாரோ தவறிப் போட்டுவிட்டார்கள் என்று பரிமாறுபவரிடம் நல்ல எண்ணத்தோடு சொன்னேன். அவர் சுந்தரத்தைப் பார்த்தார், சுந்தரம் சுவரைப் பார்த்தார்.

இரண்டாம் நாள் பௌர்ணமி. காலை எட்டு மணி முதலே வானம் அழுக்குப் பஞ்சு மெத்தையாகக் கிடந்தது. பன்னிரண்டு முறை வாசலுக்கு வந்து பார்த்தேன்.

மாலை நாலரைக்குச் சுந்தரத்தின் மகள் தன் போனில் ஆட்டோவுக்குச் சொல்லிவிட்டு, ஒரு துண்டுத் தாளில் நான்கு எண்களை எழுதி என் சட்டைப்பையில் வைத்தாள். டிரைவர் ஓடிபி கேட்டால் சொல்லுங்கள் பெரியப்பா என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஓடிபியை யாரிடமும், எந்த நிலையிலும், பேங்க் மேனேஜரே காலில் விழுந்தாலும் சொல்லக் கூடாது என்று பிரபு இரண்டு வருடமாக எனக்குப் பாடம் நடத்தியிருக்கிறான். அதற்குள் அவள் உள்ளே போய்விட்டாள், ஆட்டோ வந்துவிட்டது. டிரைவர் ஐம்பது வயது ஆள், காக்கிச் சட்டைமேல் ஸ்வெட்டர்.

"ஓடிபி சொல்லுங்க சார்."

"எதற்கு?"

"அது போட்டாதான் சார் டிரிப் ஸ்டார்ட் ஆவும்."

சாவி போட்டால் ஸ்டார்ட் ஆகாதா என்று கேட்டேன். அவர் போனைக் காட்டினார். நான் சட்டைப்பையைக் கையால் மூடிக்கொண்டேன். நான்கு நிமிடம் இப்படியே போனது. பின்னால் மூன்று ஸ்கூட்டர்கள், ஒரு தண்ணீர் லாரி. கடைசியில் அவர் இறங்கி வந்து, "பெரியவரே, உங்க ஓடிபியை வச்சி நான் நெலாவயா எழுதி வாங்கிக்கப் போறேன்? காக்ஸ் டவுன்ல எனக்கு மீட்டிங் இருக்குது, லேட்டாவுது" என்றார்.

என்ன மீட்டிங் என்று கேட்டேன். ஒரு டீச்சர் வீட்டு மாடி என்றார். ஹேண்டில்பாருக்கு மேலே, சாமி படத்துக்குப் பின்னால் இருந்து ஒரு நோட்டை உருவிக் காட்டினார். ஆறாவது நோட்டாம். எல்லாம் நிலாக் கவிதை. பெயர் ரத்தினம். தொம்மலூரில் பிறந்தவர், மாடிக் கூட்டத்தில் ஒன்பது வருட மெம்பர். துண்டுத் தாளை எடுத்துக் கொடுத்துவிட்டேன். சிக்னல் விழும்போதெல்லாம் திரும்பிப் பார்த்துக் கவிதை சொன்னார். வழியில் பதினேழு சிக்னல். கவிதை மோசமில்லை. பச்சை விழுந்தபின்னும் முடிக்காமல் போகமாட்டேன் என்று நின்றதுதான் கஷ்டம். வானத்தைக் காட்டி, "மோடா ஜாஸ்தியா இருக்குது சார்" என்றார். மோடா என்றால் மேகம்.

ரோஸலின் டீச்சர் வீடு காக்ஸ் டவுனில் மாதா கோயிலுக்குப் பின் தெரு. ஓட்டு முகப்பும் மரச்சட்ட ஜன்னலும் உள்ள பழைய வீடு. ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர், அறுபத்தெட்டு வயது. வந்தவர்களுக்கு அச்சுமுறுக்கும் டீயும் வந்தன. முழு டீ. மாடியில் ஒன்பது பேர். எல்லோரும் கிழக்கு பார்த்து நாற்காலி போட்டிருந்தார்கள். மேற்கே பக்கத்து அபார்ட்மென்ட் சுவர் ஐந்து மாடிக்கு எழுந்து நின்றது.

டீச்சர் உட்கார்ந்ததும் ஒரு தடித்த பதிவேட்டை மடியில் வைத்துக்கொண்டார். பதிவேடு என்றால் எனக்கு உயிர். என்ன என்று கேட்டேன். உவமைப் பதிவேடு என்றார்.

அந்தக் கூட்டத்தின் முறை இதுதான். நிலாவை எதற்கு ஒப்பிட்டாலும் அது பதிவேட்டில் ஏறும். வரிசை எண், உவமை, சொன்னவர் பெயர். ஒருமுறை ஏறியதை வேறு யாரும் பயன்படுத்தக் கூடாது. பயன்படுத்தினால் அடுத்த பௌர்ணமிக்கு அத்தனை பேருக்கும் டிபன் செய்துகொண்டு வர வேண்டும். நான் போன அன்று வரிசை எண் ஆயிரத்து நூற்று நாற்பத்து மூன்றில் நின்றது. முதல் எண் தட்டு இட்லி. இந்த ஊரில் அதுதான் முதலில் ஏறியிருக்கும் என்று நான் சொல்லாமலே உங்களுக்குத் தெரியும்.

என் கதையில் நிலாவுக்கு ஒரே ஓர் உவமை. குமாஸ்தா ராக்கெட் ஏறுமுன் கடைசியாகத் தன் வீட்டு வாசலில் நின்று பார்க்கிறான். நிலா, சோப்புப் பெட்டியில் தேய்ந்து மெலிந்துபோன சோப்பு மாதிரி இருக்கிறது. இதைக் கண்டுபிடிக்க எனக்குப் பதினோரு நாள் ஆயிற்று. தைரியமாகச் சொன்னேன். டீச்சர் பதிவேட்டைத் திறக்கக்கூட இல்லை.

"முந்நூத்தி எம்பத்தி எட்டு. ரத்தினம்."

ரத்தினம் தலையைச் சொறிந்தார். "நா யூஸ் பண்ணி முடிச்சிட்டேன் சார், வோணும்னா நீங்க வச்சிக்குங்க" என்றார். கைமாற்றம் செல்லாது என்று டீச்சர் சொல்லிவிட்டார். டிபன் போடுகிறேன் என்றேன். அடுத்த மாதம் வருவீர்களா என்று கேட்டார். மகனை நினைத்துக்கொண்டேன். வர முடியாது என்றேன். அப்படியானால் வேறு உவமை கண்டுபிடியுங்கள், நிலா வர இன்னும் நேரமிருக்கிறது என்றார்.

பென்சிலும் தாளும் எடுத்துக்கொண்டு மூலையில் போய் உட்கார்ந்தேன். அடுத்த ஒரு மணி நேரத்தில் பதினேழு உவமைகள் முயன்றேன். ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல டீச்சர் எண்ணைச் சொன்னார். கேரம் ஸ்டிரைக்கர், அறுபத்தொன்று. டாக்டர் மார்பில் வைக்கும் குழாயின் தட்டு, இருநூற்றிரண்டு. ரத்த அழுத்த மாத்திரை, எழுநூற்று ஒன்பது. அதையும் ஒருவர் விட்டுவைக்கவில்லை. பொரி உருண்டை இருக்கிறதா என்று கேட்டபோது, எந்தப் பொரி உருண்டை, முழுசா, கடிச்சதா என்று என்னையே திருப்பிக் கேட்டார். இரண்டும் ஏறியிருந்தன.

பொழுதுபோகாமல் பதிவேட்டின் பின்பக்கத்தைப் புரட்டினேன். அங்கே கூட்டக் கணக்கு இருந்தது. ஒன்பது வருடத்தில் நூற்றுப் பதினொரு பௌர்ணமி. அதில் நாற்பத்து மூன்றுக்கு எதிரே 'மேகம், வாசிப்பில்லை' என்று எழுதியிருந்தது. நூற்றுக்கு முப்பத்தெட்டே முக்கால். எட்டரை மணிவரை காத்திருப்பார்களாம். அதற்குள் மேகம் விலகாவிட்டால் அடுத்த மாதம்.

எட்டு இருபது ஆயிற்று. கிழக்கே ஒரு விளம்பரப் பலகை மட்டும் ஒளிவிட்டது. ஒருவர் ஸ்வெட்டர் பொத்தானைப் போட்டார். இன்னொருவர் நாற்காலியை மடக்கினார். ரத்தினம் என் பக்கத்தில் வந்து, "அடுத்த தபா பாத்துக்கலாம் சார்" என்றார். எனக்கு அடுத்த தபா கிடையாது என்று சொன்னேன். ஸ்டென்ட், மகன், மூன்று நாள் எல்லாவற்றையும் சொன்னேன். பதினைந்து கதை, பூஜ்யம் பேர் என்பதையும் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

அப்போதுதான் தரையைப் பார்க்காத ஒரே ஆளாக நான் மேற்கே பார்த்தேன். அபார்ட்மென்ட் சுவர் தெரிந்தது. முப்பத்தோரு வருடப் பழக்கம் தானாகக் கணக்குப் போட்டது.

"காலையில் என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்டேன்.

எந்தக் காலை என்றார் டீச்சர்.

பௌர்ணமித் திதி இன்று மாலை நாலு மணிக்கே முடிந்துவிட்டது. ஆகவே நாளை சூரியன் கிழக்கே வரும்போது நிலா மேற்கே இறங்கியிருக்காது. சூரியன் வந்தபின்னும் ஏறக்குறைய அரை மணி நேரம் நிற்கும். ஐந்தே முக்காலிலிருந்து ஆறரைவரை நமக்குச் சுளையாக முக்கால் மணி நேரம் நிலா உண்டு. விடியற்காலையில் இந்த ஊரில் மேகம் விலகியிருக்கிறது, இன்று விடியும்போது பார்த்தேன். இவ்வளவையும் சொல்லி முடித்தேன். நாற்பத்து மூன்று பௌர்ணமிகள் வீடு திரும்பிப் போய்ப் போர்த்திக்கொண்டு தூங்கியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

லிங்கராஜபுரத்திலிருந்து வரும் ஜெனிஃபர் என்ற பெண் அந்தக் கூட்டத்தில் உண்டு. விண்கலம் சம்பந்தப்பட்ட ஒரு கம்பெனியில் வேலை. எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்ன ஏன் பாக்குறீங்க? நான் பெட்டிய ஆட்டிப் பாக்குற டிபார்ட்மென்ட்" என்றாள். ராக்கெட்டில் வைக்கும் பெட்டிகள் குலுங்கினால் உடையுமா என்று சோதிப்பது அவள் வேலையாம். நிலா எப்போது எங்கே போகிறது என்பது வேறு டிபார்ட்மென்ட்.

பகல் நிலா விதிக்குள் வருமா என்று ஒரு சர்ச்சை எழுந்தது. டீச்சர் முதல் பக்கத்தைத் திறந்து வாசித்தார். நிலா கண்ணுக்குத் தெரிய வேண்டும், வாசித்து முடிக்கும்வரை தெரிய வேண்டும், மறைந்தால் நிறுத்த வேண்டும். இரவு என்று எங்கும் எழுதவில்லை. மேற்கு திறந்த இடம் எது என்று கேட்டேன். அல்சூர் ஏரியின் கிழக்குக் கரை என்று ரத்தினமும் டீச்சரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். உவமை மட்டும் காலைக்குள் வர வேண்டும் என்று டீச்சர் மறக்காமல் நினைவூட்டினார். கணக்கு டீச்சர்கள் எந்த ஊரிலும் ஒரே மாதிரிதான்.

மூன்றாம் நாள். ஐந்தே முக்காலுக்கு ஏரிக்கரையில் நானும் ரத்தினமும் மட்டும் நின்றோம். வானம் கழுவிவிட்டது போலிருந்தது. நிலா ஏரிக்கு அப்பால், இரண்டு உயரமான கட்டடங்களுக்கு மேலே, முழுசாக இருந்தது. மற்றவர்களைக் காணோம். ஆறு மணிக்கு ஜெனிஃபர் வந்தாள். ஆறு ஐந்துக்கு இரண்டு பேர். நிலா காத்திராது, அது என் மேலதிகாரி, எனக்குத் தெரியும் என்று ரத்தினத்திடம் புலம்பினேன். ஆறு ஒன்பதுக்கு டீச்சர், குரங்குக் குல்லாயும் பதிவேடுமாக ஓடிவந்தார். பதிவேடு பால்காரர் கணக்கு நோட்டுக்கு அடியில் இருந்ததாம். என்னைச் சேர்க்காமல் ஐந்து பேர். எட்டு மணிக்கு முன் எழுவது உடம்புக்கு ஆகாது என்று மற்றவர்கள் சொல்லியனுப்பியிருந்தார்கள்.

ஆறு பதினொன்றுக்கு ஆரம்பித்தேன். பத்தொன்பது நிமிடம் என்றால் ஆறு முப்பது. நூலிழைதான்.

முதல் பக்கத்தில் குமாஸ்தா வீட்டு வாசலுக்கு வந்து நிலாவைப் பார்க்கும் இடம். இரவெல்லாம் முயன்றும் உவமை கிடைக்கவில்லை. இருபத்து நான்காவது முயற்சியில் தூங்கிவிட்டேன். சோப்பு என்ற சொல்லை அடித்துவிட்ட தாளோடு நின்றேன். பென்சிலைப் பிடித்துக்கொண்டு டீச்சர் காத்திருந்தார். நிமிர்ந்து மேற்கே பார்த்தேன். அது பாட்டுக்கு இருந்தது.

"நிலா இருந்தது" என்று வாசித்துவிட்டு மேலே போனேன். பென்சில் எழுதாமல் அப்படியே நின்றதைப் பார்த்தேன். டீச்சர் தடுக்கவும் இல்லை.

நான்காம் பக்கத்தில் ரத்தினம் என் முழங்கையைப் பிடித்து இடப்பக்கம் நகர்த்தினார். நிலா வலப்பக்கக் கட்டடத்தின் விளிம்பைத் தொட்டுவிட்டது. மறைந்தால் நிறுத்த வேண்டும். இரண்டு கட்டடங்களுக்கும் நடுவே ஒரு சந்து வானம் இருந்தது. கரையோரமாக நாங்கள் நகர்ந்தால் நிலா அந்தச் சந்துக்குள் வந்தது. நின்றால் கட்டடம் விழுங்கியது. ஆகவே நான் வாசித்துக்கொண்டே பக்கவாட்டில் நடந்தேன். ஒரு வரிக்கு ஓர் அடி. ஐந்து பேரும் நண்டுக் கூட்டம் போல மேற்கே பார்த்தபடி என்னோடு நகர்ந்தார்கள். நடைப்பயிற்சிக்கு வந்த இரண்டு அம்மாக்கள் எங்களுக்கு வழிவிட்டார்கள், பிறகு என்ன நினைத்தார்களோ, அவர்களும் பக்கவாட்டில் நடந்துவந்தார்கள். கரையில் கூட்டம் போடக் கூடாது என்று காவலாளி தடியோடு வந்தார். ரத்தினம் வாயில் விரலை வைத்துக் காட்டினார். காவலாளி தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார்.

பிறகு சொல்கிறேன் என்ற முடிவு இதுதான். குமாஸ்தா ஒன்பது வருடம் பூஜ்யம் எழுதுகிறான். தணிக்கைக்கு யாரும் வரவில்லை. ஒரு நாள் அளவுகோலிலிருந்து கண்ணை எடுத்து மேலே பார்க்கிறான். அங்கே பூமி தொங்குகிறது. அதில் ஒரு கடல் அவனை நோக்கி மெல்ல மேடிடுகிறது. அவன் உட்கார்ந்திருக்கிற கல்தான் அதை இழுக்கிறது. அன்று பதிவேட்டில் முதல்முறையாக ஒன்று என்று எழுதுகிறான். என்ன அளவில் என்று எழுதவில்லை.

கடைசிச் சொல்லை வாசித்தபோது சந்துக்குள் நிலா நகத்துண்டு அளவு மிச்சமிருந்தது. ஆறு முப்பத்தொன்று. ஒரு நிமிடம் கூடுதல், நடந்ததால்.

நான் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தேன், ஒன்பது தாளை நான்கு முறை. அப்போது காவலாளி ரத்தினத்திடம் கன்னடத்தில் ஏதோ கேட்டார். ரத்தினம் என்னைப் பார்த்தார்.

"அந்த கிளார்க்குக்கு டிரான்ஸ்ஃபர் கெடச்சுதான்னு கேக்கறாரு."

எனக்குத் தெரியவில்லை. அதை நான் யோசித்ததே இல்லை. அவனை ஒன்பது வருடம் தனியாகப் போட்டு வைத்திருக்கிறேன், மாற்றல் கேட்க வேண்டும் என்று எனக்கே தோன்றவில்லை. காவலாளி பதிலுக்காக நின்றார். தன்னையும் நான்கு வருடமாக இதே ஏரியில் போட்டிருக்கிறார்கள் என்றார். விண்ணப்பம் போட்டிருக்கிறான், இன்னும் பதில் வரவில்லை என்று சொல்லச் சொன்னேன். அவர் அதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு, தடியை எடுத்துக்கொண்டு வந்த வேலையை ஆரம்பித்தார். எங்களைக் கலைந்துபோகச் சொன்னார்.

ஏரிப் பூங்கா வாசலில் நின்று டீச்சர் பதிவேட்டைத் திறந்தார். ஆயிரத்து நூற்று நாற்பத்து நான்கு என்று எண் போட்டார். உவமை என்ற கட்டத்தில் 'இருந்தது' என்று எழுதி, எதிரே என் பெயரை எழுதினார்.

ரத்தினம் எட்டிப் பார்த்தார். "டீச்சர், இது உவமையே இல்லியே."

"இதுக்கு முன்னாடி யாராவது எழுதியிருக்கீங்களா?"

யாரும் எழுதவில்லை. ஆயிரத்து நூற்று நாற்பத்து மூன்று முறையும் நிலா எதைப் போலவோதான் இருந்திருக்கிறது.

"அப்ப இனிமே நாங்க யாரும் நெலா இருந்ததுன்னு எழுதவே கூடாதா?" என்றாள் ஜெனிஃபர்.

"எழுதலாம். டிபன் கொண்டு வரணும்" என்றார் டீச்சர்.

ரத்தினம் என்னைப் பார்த்த பார்வையில் மரியாதையும் இருந்தது, வேறொன்றும் இருந்தது. பேருந்து நிலையம்வரை கொண்டுவந்து விட்டார். ஓடிபி கேட்கவில்லை. வழியில் ஆறு சிக்னலில் நின்றோம், ஒன்றில்கூடக் கவிதை சொல்லவில்லை. இறங்கும்போது மட்டும், அபராத டிபனுக்குத் தன் ஓட்டு பொங்கலுக்குத்தான் என்றார். யார் தவறு செய்தாலும் பொங்கலாம்.

பேருந்தில் உட்கார்ந்து கணக்கை எழுதினேன். கூட்டத்தார் ஐந்து, நடைப்பயிற்சி அம்மாக்கள் இரண்டு, காவலாளி ஒன்று. எட்டு. அம்மாக்களுக்குத் தமிழ் தெரியுமா என்று கேட்க மறந்துவிட்டேன். பரவாயில்லை, கடைசிவரை நடந்தார்கள், சேர்த்துக்கொண்டேன்.

ஓசூருக்கு முன்னால் வழக்கம்போல் வண்டி நின்றது. பிரபு போன் செய்தான். மாத்திரை சாப்பிட்டேனா, ஜன்னலை மூடினேனா என்று கேட்டுவிட்டு, போன வேலை முடிந்ததா என்றான்.

முடியவில்லை என்றேன். ஒருவருக்கு டிரான்ஸ்ஃபர் விஷயமாக அடுத்த மாதமும் போக வேண்டியிருக்கும்.

"ரிடயர் ஆகிப் பதினாறு வருஷமாச்சு. உங்களால யாருக்குப்பா டிரான்ஸ்ஃபர் வாங்க முடியும்?"

"ஒரு கிளார்க்குக்கு. ரொம்ப தூரத்துல போட்டிருக்காங்க" என்றேன். மடியில் பத்தாவது தாளை எடுத்து வைத்துக்கொண்டு, பெறுநர் என்று எழுதினேன்.